மஞ்சள் பட்டை

ஜூலை 1, திங்கள்

ஆஸ்பத்திரி நர்ஸுகள் எட்டுப் பேரிடம் இன்று ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தோம். இரண்டு வாரத்துக்கு, வீட்டிலோ வேலையிலோ எந்தப் பொருள் தங்களைப் படுத்தி எடுக்கிறதோ அதை அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும். குக்கர், லிஃப்ட், ஏடிஎம், செல்போன், எதுவானாலும் சரி. நிபந்தனை ஒன்றுதான். ‘என் தவறு’ என்று மட்டும் எழுதக் கூடாது. கை தவறினால், தவறும்படி அதைச் செய்து வைத்தவன் யார் என்று கேட்க வேண்டும்.

எங்கள் துறையில் இது பழைய முறை. பயன்படுத்துகிறவர்களை எழுத வைத்து, அவர்களுடைய எரிச்சலிலிருந்து பாடம் படிப்பது. பீளமேட்டிலிருக்கும் எங்கள் கம்பெனி மருந்து பம்ப் செய்கிறது. நரம்பில் ஏற்றும் மருந்தை அளந்து அளந்து தள்ளும் சின்னப் பெட்டி. அதன் திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. “கம்ப்யூட்டர்ல டாக்டர் பட்டம் வாங்கிப்போட்டு, பட்டனை எங்க வெக்கறதுன்னு யோசிச்சுச் சம்பளம் வாங்கறா எங்கக்கா” என்று தம்பி தண்டபாணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான்.

எஸ்தர் சிஸ்டர் நோட்டை வாங்கிக்கொண்டு, “எங்களை மட்டும் எழுதச் சொல்றீங்களே, நீங்க எழுத மாட்டீங்களா மேடம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் நிறுத்தி எனக்கும் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

1. கம்பெனி வேனின் படி. தரையின் நிறத்திலேயே படிக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? தடுக்கி, முன்னால் போன ரெஜினாவின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

2. வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எந்தச் சாமானும் கொலைக்கருவிதான்.

3. வேலைக்காரம்மா டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவது. காபி முழுக்கப் புடவையில்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் மாமா துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, “கண்ணு எங்கயோ, நெனப்பு எங்கயோ” என்றார். வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எது சிந்தினாலும் சிந்தினவர்மேல்தான் குற்றம் என்று முப்பது வருஷம் லேபில் சொல்லிப் பழகியவர். எனக்கும் அவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டைதான்.

ஜூலை 4, வியாழன்

ரெஜினாவோடு பெரிய வாக்குவாதம். சோதனைப் பிரிவுக்குத் தலைவர் அவர். தூத்துக்குடிக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

எங்கள் திரையில் மேலே மருந்தின் பெயர். நடுவில், மணிக்கு எவ்வளவு போகிறது என்ற எண், பெரிதாக. அடியில் ஒரு மஞ்சள் பட்டை. மருந்து தீரப் போகும்போது மட்டும் அது எரியும். சத்தமும் வரும். ஆனால் வார்டில் ஒரே நேரத்தில் நாலைந்து பெட்டிகள் கீச்சிடும். எது கத்துகிறது என்று கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பட்டையை மேலே கொண்டுபோக வேண்டும் என்பது என் கட்சி. அடியில் இருப்பதை மனிதக் கண் கவனிப்பதே இல்லை.

“மேல கொண்டு போனா நம்பர் சின்னதாயிரும் மேடம். வாசல்ல நின்னுக்கிட்டே நம்பரைப் பார்க்கிறாங்க. ஒண்ணு எது, பத்து எதுன்னு தெரியாமப் போச்சுன்னா நோயாளி கதி என்ன?”

“பட்டையே தெரியலைன்னா?”

“தெரியலைன்னு யாரு சொன்னா?”

நான்தான் சொல்கிறேன். இருபத்தைந்து வருஷம் இதையே பார்த்துக்கொண்டிருப்பவள் சொல்கிறேன். அதற்கு ரெஜினா, “சமீபத்துல நீங்க போட்ட எல்லா ஸ்கிரீனும் மேல மேலதான் ஏறுது. அடியில ஒரு கிரிக்கெட் கிரவுண்டே காலியாக் கெடக்கு” என்றார். சிரித்துவிட்டேன். ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை. 22ஆம் தேதி வடிவத்தை முடித்துத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் சோதனை வைத்து முடிவு செய்வோம் என்று பிரிந்தோம்.

ஜூலை 7, ஞாயிறு

தாராபுரத்தில் தண்டபாணி வீடு. புதுக் காரில் இடது பக்கம் முழுக்கக் கீறல். கேட்டுத் தூணில் உரசிவிட்டானாம்.

“கொத்தனாரு தூணை உள்ள தள்ளிக் கட்டிட்டானுங்க்கா. கார் வெச்சிருக்கறவன் வீடுன்னு நெனப்பே இல்ல அவனுக்கு.”

சரியாகச் சொன்னான் என்று நானும் கொத்தனாரை நாலு திட்டுத் திட்டினேன். தம்பி பெண்டாட்டி பூங்கொடி, “அக்காளும் தம்பியும் ஒண்ணு சேந்தா ஊருல ஒருத்தனும் ஒழுங்கில்ல” என்று வடையை வைத்துவிட்டுப் போனாள். நடைவழியில் இன்னும் இவ்வளவு பல்பா என்று கேட்டேன். அப்பா காலத்தில் போட்டது. கடைசி வருஷங்களில் வெளிச்சம் பத்தவில்லை என்று அப்பா எலெக்ட்ரீஷியனை வரவழைத்துக்கொண்டே இருப்பார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பிடிவாதக்காரர், டாக்டர் என்றாலே ஆகாது.

திரும்பும்போது தண்டபாணி காரை எடுத்து வெளியே விட்டான். பூங்கொடி முன்னால் நின்று வா, வா என்று கை காட்டினாள்.

ஜூலை 9, செவ்வாய்

சோதனை. ஒவ்வொரு நர்ஸாகத் திரைக்கு முன் உட்கார வைத்து, நடுவிலுள்ள எண்ணை மாற்றும் வேலை கொடுத்தோம். அதில் மூழ்கியிருக்கும்போது சத்தமில்லாமல் பட்டை எரியும். பார்த்தால் அதைத் தொட வேண்டும்.

எட்டுப் பேரும் தொட்டார்கள். எஸ்தர் சிஸ்டர் பேச்சை நிறுத்தாமலே தொட்டார்.

அதற்கு முன் காலையில் திரை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நானே உட்கார்ந்தேன். எனக்குப் பட்டை வரவே இல்லை. ஓடவில்லை போலிருக்கிறது என்று ரெஜினாவிடம் சொன்னேன். “ஓடிக்கிட்டுத்தான் இருக்கு மேடம்” என்றார். குனிந்து பார்த்தால் எரிந்துகொண்டிருக்கிறது.

எனக்கு எரிச்சல். ரெஜினா நர்ஸுகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாரோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. சோதனையில்தான் ஏதோ கோளாறு.

ஜூலை 11, வியாழன்

கோளாறு என்னவென்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுத் திரையோடு உட்கார்ந்தேன். மஞ்சளை ஆரஞ்சாக்கினேன், சிவப்பாக்கினேன். வெளிச்சத்தைக் கூட்டினேன். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை பட்டை எனக்கு இல்லை. வரவேற்பறைப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சட்டென்று தொட்டாள். கேன்டீன் மாஸ்டரும் தொட்டார். தொட்டுவிட்டு, “இதுக்கு எனக்கு என்னுங்க பரிசு?” என்றார்.

வேடிக்கையாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிகிற ஒன்று அதைச் செய்தவளுக்கு மட்டும் தெரியவில்லை. தினமும் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போயிருக்கும். இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம்.

ஜூலை 12, வெள்ளி

சமையலறையில் பல்பு மாற்றினேன். ஒளி போதவில்லை.

ஜூலை 13, சனி

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். ‘இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்’ என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் கேள்வி. வழக்கமான கதையைச் சொன்னேன். என் முதல் வேலை ஒரு வங்கி மென்பொருளில். சேமிக்கும் விசைக்குப் பக்கத்திலேயே அழிக்கும் விசை. கிளார்க் அம்மா ஒருவர் அரை நாள் வேலையை ஒரே தட்டில் அழித்துவிட்டு அழுதார். மானேஜர் அவரைத் திட்டினார். எனக்கு அந்த இரண்டு விசைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவன்மேல் கோபம் வந்தது. அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் தணியவில்லை.

பிறகு நான் எப்போதும் செய்யும் விளையாட்டு. எல்லோர் கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது, ஆனால் அது இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதையே பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பென்சில் முனையை மெல்ல நகர்த்த வேண்டும். முனை மறையும் இடத்திலும் திரும்ப வரும் இடத்திலும் புள்ளி வைத்தால் குருட்டுப் புள்ளியின் படம் கிடைத்துவிடும். வகுப்பு முழுக்க ஒரே கூச்சல். “போச்சு! வந்துட்டுது! போச்சு!” எலுமிச்சை அளவுக்கு ஆளுக்கொரு வட்டம்.

என்னையும் விடவில்லை. நிரஞ்சனா என்ற மாணவி வெள்ளைப் பலகையில் குறி போட்டு, மார்க்கரை நகர்த்தினாள். இந்த விளையாட்டை எத்தனையோ கல்லூரிகளில் நடத்தியிருக்கிறேன். நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“போச்சு” என்றேன். அவள் புள்ளி வைத்தாள். நகர்த்தினாள். நான் காத்திருந்தேன்.

“வந்துச்சா மேடம்?”

“இன்னும் இல்லை.”

“இப்போ?”

“இல்லையே.”

“மேடம், இது முடியவே மாட்டேங்குது!”

வகுப்பு சிரித்தது. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எலுமிச்சை அங்கே இருந்தது. அதிலிருந்து ஒரு வால் கிளம்பி, குறிக்குக் கீழே வளைந்து மறுபக்கம் வரை போயிருந்தது. அரிவாள் மாதிரி.

“கண்ணாடி பவர் மாத்தணும்போல” என்று நானும் சிரித்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். வழியெல்லாம் அந்த வாலையே நினைத்துக்கொண்டு வந்தேன். அரிவாளின் வளைவு சரியாக மஞ்சள் பட்டை இருக்கும் இடம்.

ஜூலை 14, ஞாயிறு

மாமாவைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து மார்க்கரைக் கொடுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம். முதலில் என் வலது கண், பிறகு இடது. லேப் வாத்தியார் அல்லவா, ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு முறை சரிபார்த்தார்.

அந்த இடம் கறுப்பாக இருக்கும் என்று நினைப்போம். இல்லை. தாள் வெள்ளையாக, முழுசாக, பழுதில்லாமல் தெரிகிறது. அந்த வெள்ளைக்குள் மார்க்கர் போகிறது, காணாமல் போகிறது. மூளை தன் கையிலிருக்கும் வெள்ளையை எடுத்து அங்கே பூசிவிடுகிறது. இவ்வளவு சுத்தமான ஏமாற்று வேலையை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. பயத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பயம் வர ரொம்ப நேரம் ஆகவில்லை.

இரண்டு கண்ணிலும் அரிவாள். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் மாமா. கீழ்ப் பக்கத்தில் இரண்டும் பொருந்தின. ஒரு கண் விடும் இடத்தை மற்றதும் விடுகிறது.

“அரசி” என்றார். “அந்தச் செருப்பு ஸ்டாண்டை நான் எடுத்துடறேன்.”

ஜூலை 16, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 17, புதன்

கண் ஆஸ்பத்திரி. தலையை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைக்கச் சொன்னார்கள். நடுவில் மஞ்சள் புள்ளி. பார்வை அதைவிட்டு நகரக் கூடாது. சுற்றி எங்காவது வெளிச்சப் பொட்டு வந்தால் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். ஒரே பட்டன். சரி என்றோ தப்பு என்றோ மெஷின் சொல்வதில்லை. யாரோ நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அதையும் செய்யாவிட்டால் நான் நானில்லை.

ஆனால் உள்ளே சின்னதாக ‘டிக்’ என்றொரு சத்தம். ஒவ்வொரு பொட்டுக்கும் முன்னால். டிக், வெளிச்சம். டிக், வெளிச்சம். பிறகு டிக், ஒன்றுமில்லை. டிக், ஒன்றுமில்லை. டிக். சத்தத்தை வைத்தே பட்டனை அழுத்திவிடலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்க்கும் ஆசை. அழுத்தவில்லை.

மெஷினை இயக்கிய பெண், “டென்ஷன் ஆவாதீங்க மேடம். எல்லாருக்குமே பாதி தெரியாதுங்க. மெஷினே அப்படித்தான்” என்றாள்.

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். நிரஞ்சனா போட்ட அதே அரிவாள்.

“கிளௌகோமா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சங் கொஞ்சமா செத்துட்டு வந்திருக்குதுங்க. போனது திரும்ப வராது. சொட்டு மருந்தை விடாமப் போட்டீங்கன்னா இருக்கறதைக் காப்பாத்தலாம். வீட்ல வேற யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?”

இல்லை என்றேன். கதவு வரைக்கும் வந்தவள் திரும்பிப் போய், “எங்கப்பா பல்பு மாத்திட்டே இருந்தாருங்க டாக்டர்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் உடனே வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

தண்டபாணிக்கு போன் செய்தேன். “எனக்குக் கழுகுப் பார்வைக்கா. தென்னை மரத்து உச்சியில காய் எண்ணிருவேன்” என்று வைத்துவிட்டான்.

ஜூலை 19, வெள்ளி

நர்ஸுகளின் நோட்டுகளைப் படித்து முடித்தேன். அருமையான எரிச்சல்கள். கையுறை போட்டால் வேலை செய்யாத செல்போன், இருட்டில் கிடைக்காத சுவிட்ச். எல்லாம் அவர்கள் கவனித்தவை. இத்தனை வருஷமாக நான் எல்லோரிடமும் கேட்டுவந்தது, ‘எது உங்களைப் படுத்துகிறது’ என்று. கண்ணிலிருந்தே விழுந்துபோன ஒன்று எப்படிப் படுத்தும்? என் நோட்டிலும் படி இருக்கிறது, டம்ளர் இருக்கிறது. அரிவாள் இல்லை.

திங்கட்கிழமை கூட்டம். நான் ஒன்றும் சொல்லாமல், ‘சோதனை முடிவை ஏற்கிறேன், பட்டை அடியிலேயே இருக்கட்டும்’ என்று கையெழுத்துப் போடலாம். யாருக்கும் சந்தேகம் வராது. திரைகளை வடிவமைப்பவளுக்குப் பார்வை போகிறது என்றால் எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? ஐம்பத்திரண்டு வயதில் வேறு என்ன வேலை தெரியும் எனக்கு? பயமாக இருக்கிறது. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஜூலை 22, திங்கள்

சொல்லிவிட்டேன்.

தைரியத்தால் இல்லை. கூட்டத்தில் ரெஜினா எட்டுக்கு எட்டு என்று முடிவைப் போட்டுக் காட்டினார். முதலாளி கோவர்த்தன் சார், “அப்ப ஒரு ஆளுக்கும் சிக்கல் இல்லீங்க, அனுப்பிரலாமா?” என்று கேட்டார். ஒரு ஆளுக்கும் சிக்கல் இல்லை என்று எழுதப்போகும் தாளில் என் பெயர் இருக்கும். அந்த ஒரு ஆள் நான்தான். எவனோ ஒருவன் இப்படிக் கையெழுத்துப் போட்டதால்தானே அந்த வங்கி அம்மா அழுதார் என்று தோன்றியது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஒன்பதாவது ஆள் ஒருத்தி இருக்காளுங்க சார். அவளுக்குத் தெரியல.”

ஆஸ்பத்திரிப் படத்தை மேஜையில் வைத்தேன். விளக்கினேன். வகுப்பெடுப்பது மாதிரிதான் பேசினேன். அப்படிப் பேசினால்தான் குரல் உடையாது. வார்டில் வேலை பார்க்கும் நர்ஸுகளிலும் இப்படி யாராவது இருப்பார்கள், அவர்களுக்கே தெரியாது, எந்த நோட்டிலும் எழுத மாட்டார்கள் என்றேன். நம்பரைச் சின்னதாக்கச் சொன்னது என் பிழை, ரெஜினா சொன்னதுதான் சரி. ஆனால் பட்டை இப்படியே போகவும் கூடாது.

ரெஜினாதான் படத்தை இழுத்துத் திருப்பி வைத்துப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

“எந்தப் பக்கம் வெச்சாலும் யாருக்காவது தெரியாமப் போயிரும் போல” என்றார். “அப்போ எல்லாப் பக்கமும் வெச்சா என்ன? ஸ்கிரீனோட நாலு ஓரமும் சட்டம் மாதிரி எரியட்டும். ஒல்லியா. நம்பர் அப்படியே இருக்கும்.”

இதை நான் யோசித்திருக்க வேண்டும். பட்டை மேலேயா கீழேயா என்று நாங்கள் மல்லுக்கட்டியதில் ஓரம் என்று ஒன்று இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிருக்கிறது.

கோவர்த்தன் சார் ஒரு வாரம் தள்ளிக் கொடுத்தார். எல்லோரும் போனபின், “நீங்க இருப்பீங்கல்ல மேடம்?” என்று கேட்டார். என்னைக் கேட்பார்கள் என்று நினைத்த கேள்வி வேறு. இருப்பேனுங்க என்றேன். கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

ஜூலை 26, வெள்ளி

காலையில் சொட்டு மருந்து. முதலில் எரிகிறது, பிறகு ஒன்றுமில்லை. பாட்டிலின் மூடி வழுக்குகிறது. செய்தவன் யார்?

மறுசோதனை. எட்டு நர்ஸுகளும் மறுபடி வந்தார்கள். சட்டம் எரிந்ததும் தொட்டார்கள். ரெஜினா தாளில் ஒன்பது என்று எழுதி என்னைப் பார்த்தார். உட்கார்ந்தேன். எண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன். மேல் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு. தொட்டேன்.

“தொட்டாச்சு” என்று ரெஜினா சத்தமாகச் சொன்னார். வாசலில் நின்ற எஸ்தர் சிஸ்டர் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்.

ஜூலை 28, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் தாராபுரம் போனேன்.

பழைய கேட்டுத் தூண் இல்லை. தண்டபாணி அதை இடித்துவிட்டு, தள்ளிப் புதுத் தூண் எழுப்பியிருக்கிறான். சிமென்ட் இன்னும் வெளுக்கவில்லை. அதன் அடியில் காரின் நிறத்தில் புதிதாக ஒரு கோடு. குனிந்து தொட்டுப் பார்த்தேன், கார் பெயின்ட்தான்.

உள்ளே போய்க் காலண்டர் தாளில் குறி போட்டேன். எதிரில் சுவரில் ஒட்டினேன். “எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுதுக்கா” என்றான்.

“எனக்கும் நல்லாத்தான்டா தெரிஞ்சுது. உக்காரு.”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டான். பூங்கொடி காபியை மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி எங்கள் பக்கத்தில் நின்றாள். நான் பென்சிலை எடுத்து, குறிக்குக் கீழே, எனக்கு மறையும் அதே இடத்தில் பிடித்தேன். பூங்கொடி பென்சிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“குறியைத்தான பாக்கோணும்? பாத்துட்டேதான் இருக்கறேன்” என்றான் தண்டபாணி. “காப்பி ஆறுது. பென்சிலை இன்னும் கையில எடுக்கலியாக்கா?”